ஓர் அங்குலம் குறைந்த டேப்

பழைய இரும்புக் கடைக்காரர் ஒரு நாற்காலியைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். பக்கத்தில் இருந்ததைத் தூக்கினார். அப்புறம் மூன்றாவதை. சந்தையில் பூசணிக்காயைத் தட்டிப் பார்ப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நாடகக் கொட்டகையின் நடுவில் நின்றார்.

"ஒண்ணொண்ணும் ஒரு எடையா இருக்கேம்மா. ஒண்ணை நிறுத்து இருநூத்திப் பன்னிரண்டால பெருக்கலாம்னு வந்தேன். நடக்காது போலிருக்கு. எல்லாத்தையும் தராசுல ஏத்தணும்."

"ஏத்துங்க அண்ணா," என்றாள், அந்த நாற்காலிகளைச் செய்தவரின் மகள்.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் முடிஞ்சு கை தூக்கிட்டாங்கன்னா, திங்கக்கிழமை காலையில வண்டி வந்துடும்."

சொல்லிவிட்டு அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் சரியாக எட்டவில்லை. எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்தார். அதில் முட்டி நெஞ்சுக்கு வந்தது. தலையைச் சொறிந்துகொண்டே கிளம்பிப் போனார்.

அப்பா இறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. அவர் வெல்டர். இரும்பு கேட், ஜன்னல் கம்பி, மாடிப்படிக் கைப்பிடி, எது வேண்டுமானாலும் செய்வார். ஆனால் ஊரில் யாரும் வெல்டர் என்று சொல்ல மாட்டார்கள். 'அளவுகாரர்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தப் பட்டம் இந்த இருநூற்றுப் பன்னிரண்டு நாற்காலிகளால் வந்தது.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இது ஒரு காலிச் சரக்குக் கிடங்கு. பூகோள டீச்சர் அதைப் பிடித்து நாடகக் கொட்டகை ஆக்கினார். நடிகர்கள் எல்லாரும் உள்ளூர் ஆட்கள். தபால்காரர் ராஜாவாக வருவார், மருந்துக் கடைக்காரர் மந்திரியாக வருவார். திரை விழுந்ததும் மந்திரிதான் ராஜாவுக்குக் கடனில் தலைவலி மாத்திரை கொடுப்பார். நாடகம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பார்க்கிறவர்கள் சிமெண்டுத் தரையில் இரண்டரை மணி நேரம் உட்கார வேண்டும். முதல் வருஷம் ஆர்வத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டாம் வருஷம் இடுப்பு பேசத் தொடங்கியது. மூன்றாம் வருஷம் இடுப்பு சொன்னதைக் கேட்டு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

டீச்சர் ரசீதுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார். நாற்காலி வாங்க நன்கொடை. ஒரு மாதம் அலைந்து பதினோரு நாற்காலிக்குத்தான் சேர்ந்தது. அப்பாவின் பட்டறை வாசலில் வந்து சோர்ந்து உட்கார்ந்தார்.

"ரசீதுப் புத்தகத்தை நீட்டினா மனுஷன் கை தானா சுருங்கும் டீச்சர்," என்றார் அப்பா. "டேப்பை நீட்டிப் பாருங்க, முதுகு தானா நிமிரும்."

மறுநாள் அவரே கிளம்பினார். தையல்காரர் வைத்திருக்கும் துணி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, கக்கத்தில் ஒரு நீளமான நோட்டு. வீட்டுக்குள் போய் முதலில் காசு கேட்கவே மாட்டார். "கொஞ்சம் உட்காருங்க," என்பார். முழங்காலின் பின்பக்கத்திலிருந்து தரை வரை ஓர் அளவு. இடுப்பின் அகலம். முதுகு சாயும் உயரம். நோட்டில் எழுதிக்கொண்டு, "உங்க நாற்காலி எண் இருபத்திரண்டு. குழாய்க்கும் பலகைக்கும் ஆகற செலவு இவ்வளவு. என் கூலி இல்ல," என்பார். உடம்பில் டேப் பட்ட பிறகு எவன் பேரம் பேசுவான்? கஞ்சன் என்று பெயரெடுத்த அடகுக் கடைக்காரர்கூட, "இடுப்புல கொஞ்சம் தாராளமா விடுங்க," என்று மட்டும்தான் கேட்டாராம்.

இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர், இருநூற்றுப் பன்னிரண்டு உயரம். வரிசையாகப் போட்டால் கொட்டகை பல் விழுந்து முளைக்கிற பிள்ளையின் வாய் மாதிரி இருக்கும்.

முதல் நாடகத்தன்றே காரியம் கெட்டது. நாற்காலிக்காரர்களில் பாதிப் பேர் வரவில்லை. காசு கொடுக்காத ஐம்பது அறுபது பேர் சுவரோரம் நிற்கிறார்கள், எதிரே காலி நாற்காலிகள். ஒருவர் உட்காரப் போனால் பக்கத்து நாற்காலிக்காரர் தடுக்கிறார்: "அது எங்க அத்தையோடது." அத்தை வீட்டில் தூங்குகிறார். அப்பா கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று இதையெல்லாம் பார்த்தார். அன்றைக்கு அவர் நாடகத்தில் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை என்று பின்னால் சொன்னார்.

அடுத்த நாடகத்துக்குள் முதுகில் இருந்த எண் தகடுகளைக் கழற்றி, பலகைக்கு அடியில் திருகிவிட்டார். வாசலில் ஒரு வாளி. வாளியில் இருநூற்றுப் பன்னிரண்டு இரும்பு வில்லைகள், ஒவ்வொன்றிலும் வரிசையும் இடமும். காசு கொடுத்தவரும் கொடுக்காதவரும் கைவிட்டு ஒன்றை எடுக்க வேண்டும். வில்லை சொல்கிற இடத்தில் உட்கார வேண்டும். யார் நாற்காலி என்று நாடகம் முடிந்த பிறகுதான் கவிழ்த்துப் பார்க்கலாம்.

சண்டை வரும் என்று டீச்சர் பயந்தார். வந்தது சிரிப்பு. ஆறடி ஆள் ஒருவர் முட்டியைக் கட்டிக்கொண்டு இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுக் கவிழ்த்துப் பார்த்தால், எதிர்வீட்டு அக்காவின் நாற்காலி. "ஏங்க்கா, உங்க காலை இவ்வளவு நாள் எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?" வங்கிக் காசாளருக்கு ஒருமுறை மிக உயரமான நாற்காலி வாய்த்தது. கால் தொங்கியது. கவிழ்த்துப் பார்த்தார், மருந்துக் கடைக்காரரின் அம்மாவுடையது. வங்கியில் வரிசையில் நிற்காமல் சண்டை போடுகிறவர் என்று அந்த அம்மா மேல் காசாளருக்குக் கோபம். அன்றைக்குத்தான் அந்த அம்மாவுக்கு முட்டி மடங்காது என்று தெரிந்தது. மறுவாரம் வங்கியில் உயரமான ஸ்டூல் ஒன்று வந்தது. அதைப் பற்றி யாரும் எதுவும் பேசிக்கொள்ளவில்லை.

இதெல்லாம் மகளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் நாற்காலி போட்டுக்கொள்ளவில்லை. படித்து, வேறு நகரத்தில் லிப்ட் பாதுகாப்பு ஆய்வாளர் ஆனாள். கயிறு தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, எழுது, கையெழுத்துப் போடு. ஊருக்கு வரும்போதெல்லாம் அப்பா டேப்பை எடுப்பார்.

"உட்காரு, ஒரு நிமிஷம்."

"எதுக்குப்பா? நான் வந்து பார்க்கப் போறேனா? பார்க்கறவங்க டிக்கெட் வாங்கட்டும். பார்க்காதவங்ககிட்ட எதுக்குக் காசு?"

"தெருவிளக்குக்கு டிக்கெட் வாங்கிட்டா நடக்கறே?"

"விளக்கு இல்லன்னா ஜனங்க விழுவாங்க. நாடகம் இல்லன்னா யாரு விழுவா?"

"விழுவாங்க. விழுந்தது தெரியாது, அவ்வளவுதான்," என்றார். டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அது போன வருஷம்.

இப்போது கொட்டகையின் தகரக் கூரை ஓட்டை. மேடைக்கு மேல் மின்கம்பிகளின் உறை வெடித்துக் கிடந்தது. ஊரின் பெரிய பர்னிச்சர் ஷோரூம் முதலாளி முழுச் செலவையும் ஏற்பதாகச் சொல்லியிருந்தார். கெட்டவர் இல்லை. கேட்டது இவ்வளவுதான்: ஒரே மாதிரி மெத்தை நாற்காலிகள், சுவரில் கடையின் பெயர், வருஷத்தில் நான்கு நாள் நாடகத்துக்கு, மற்ற நாள் அவருக்கு. ஞாயிறு மாலை நான்கு மணிக்கு ஊர்க் கூட்டம், கை தூக்கி முடிவு. அதற்கு முன் ஓர் ஆய்வு அறிக்கை வேண்டும்.

"நீயே எழுதிக் கொடும்மா," என்றார் டீச்சர். எழுபதைத் தாண்டிவிட்டார். "கூரைக்கு எவ்வளவு ஆகும், கம்பி மாத்த எவ்வளவு, நாற்காலி தேறுமா. நல்லதோ கெட்டதோ நேரா எழுது. எனக்கு இனிமே வீடு வீடா ஏறி இறங்கத் தெம்பில்ல."

அழுவதற்குப் பதில் அளப்பது அவளுக்குப் பழக்கம். கூரையை அளந்தாள். கம்பிகளைச் சோதித்தாள். பிறகு அப்பாவின் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, லேசர் அளவுமானியால் ஒவ்வொரு நாற்காலியாக அளந்தாள். லிப்ட் ஆய்விலும் அப்படித்தான்: முதலில் பதிவேடு, பிறகு பொருள்.

எண் ஒன்று: நோட்டில் பதினேழு அங்குலம். நாற்காலி பதினாறு.

எண் இரண்டு: நோட்டில் பதினெட்டரை. நாற்காலி பதினேழரை.

உயரத்தில் மட்டுமா என்றால் அகலத்திலும் அப்படியே. இருபதைத் தாண்டியும் மாற்றமில்லை. எல்லாமே தப்பு. நோட்டின் ஓரத்தில் அப்பா குண்டு குண்டாக எழுதிய குறிப்புகள் வேறு: 'இடது கால் அரை அங்குலம் குட்டை, கட்டை வைக்கவும்.' 'மாசமா இருக்காங்க, அகலமா விடு.' 'முதுகு வலி, சாய்வு கூட்டு.' 'பையன் வளர்ந்துட்டான், காலை ஏத்து.' இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுதினவர் ஒன்றைக்கூடச் சரியாக வெட்டவில்லையா? அவள் அறிக்கையில் எழுதினாள்: 'எந்த நாற்காலியும் பதிவேட்டில் உள்ள அளவில் இல்லை.' கையெழுத்துப் போட்டு வியாழக்கிழமை டீச்சரிடம் கொடுத்தாள். உண்மை எதுவோ அதை எழுதுவதுதான் அவள் வேலை.

வெள்ளிக்கிழமை முழுக்க அந்த வாக்கியம் அவளைக் குடைந்தது. குடைந்தது மகளை இல்லை, ஆய்வாளரை. பிழை என்றால் கூடும், குறையும். ஒன்றில் கால் அங்குலம், ஒன்றில் முக்கால். இருநூற்றுப் பன்னிரண்டு பொருளும் ஒரே பக்கம், ஒரே அளவு, ஓர் அங்குலம் தப்பினால்? அதற்குப் பெயர் பிழை இல்லை. கோளாறு கருவியில்.

சனிக்கிழமை காலையில் பட்டறையைத் திறந்தாள். துளையிடும் இயந்திரத்தின் மேல் அப்பாவின் கண்ணாடி மடித்து வைத்தபடி இருந்தது. அதைத் தொடவில்லை. பின்சுவரில் ஓர் ஆணி, ஆணியில் துணி டேப். எடுத்து நுனியைப் பார்த்தாள்.

நுனியில் இருக்க வேண்டிய பித்தளைத் தகடு இல்லை. தீப்பொறி பட்டுக் கருகிய இடத்தைக் கத்தரியால் நேராக நறுக்கியிருந்தார். டேப் 'ஒன்று' என்ற கோட்டிலிருந்துதான் தொடங்கியது.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு சிரித்தாள். அப்பா போன இருபத்து மூன்று நாளில் முதல் சிரிப்பு. மனிதர் ஆளையும் இதே டேப்பால் அளந்தார், குழாயையும் இதே டேப்பால் அளந்து வெட்டினார். பதினாறு அங்குலக் கால் டேப்பில் பதினேழு என்று காட்டும். குழாயைப் பதினேழில் வெட்டினால் பதினாறு வரும். ஆளுக்கும் நாற்காலிக்கும் நடுவே மயிரிழை வித்தியாசம் கிடையாது. நோட்டு மட்டும் உலகத்தின் மற்ற எல்லா டேப்புக்கும் பொய், இந்த ஒன்றுக்கு மட்டும் மெய்.

தன்னிடமிருந்த அறிக்கை நகலின் மறுபக்கத்தில் அவள் இன்னொரு கணக்குப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பிவிட்டது. வாசலில் வாளி. கூட்டம்தான், நாடகம் இல்லை, ஆனாலும் வந்தவர்கள் பழக்கத்தில் கைவிட்டு வில்லையை எடுத்தார்கள். ஷோரூம்காரரையும் விடவில்லை. "எடுங்க சார், இங்க சட்டம் அதுதான்." அவருக்கு ஒரு குட்டை நாற்காலி வாய்த்தது. மேடையில் அவர் கொண்டுவந்த மாதிரி நாற்காலி, பளபளக்கிற நீல மெத்தையோடு. ஆளாளுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார்கள்.

"அமுங்குது."

"எழுந்திருக்க மனசே வரல. தள்ளு, நான் உட்காரறேன்."

ஷோரூம்காரர் பேச எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்ததில் நாலு பேர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார்.

"நான் ஒண்ணும் பெரிசா பேசல. அளவுகாரர் பெரிய மனுஷன். ஆனா அவர் போயிட்டார். இனிமே யார் செய்யறது? இதோ, அவர் பொண்ணே எழுதியிருக்காங்க." அறிக்கையைப் பிரித்தார். "'எந்த நாற்காலியும் பதிவேட்டில் உள்ள அளவில் இல்லை.' இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு?"

கொட்டகையில் முணுமுணுப்பு. டீச்சர் மகளைப் பார்த்தார். மகள் எழுந்தாள். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை.

"எழுதினது நான்தான். அளவு சரி. முடிவு தப்பு," என்றாள். டேப்பை எடுத்தாள். "எனக்கு ஒரு ஆள் வேணும். அப்பா இதுவரைக்கும் அளவெடுக்காத ஆள்."

இருநூறு பேரும் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். கடைசியில் கதவோரத்தில் ஒரு கை உயர்ந்தது. இரும்புக் கடைக்காரர்.

"யோவ், நீ நாற்காலியை எடை போட வந்தவனாச்சே," என்றது ஒரு குரல்.

"இன்னைக்கு என்னைப் போடட்டும், விடு."

மாதிரி நாற்காலியில் அவரை உட்கார வைத்து, முழங்காலின் பின்னாலிருந்து தரை வரை டேப்பைப் பிடித்தாள். உரக்கப் படித்தாள்: "பத்தொன்பதரை." இடுப்பு: "இருபது." நோட்டைப் புரட்டினாள். விரல் ஒரு வரியில் நின்றது. "இதே அளவு நோட்டுல ஒண்ணு இருக்கு. எண் நூத்தி நாற்பத்தேழு. தேடுங்க."

அவ்வளவுதான், கொட்டகை தலைகீழானது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நாற்காலியைக் கவிழ்த்தார்கள். "இது எண்பத்தெட்டு." "இது முப்பத்தி ஒண்ணு, அட, என்னோடது." "தம்பி காலை எடு, தெரியல." டீச்சர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தானும் எட்டி எட்டிப் பார்த்தார். ஐந்தாவது வரிசையிலிருந்து காசாளர் கையைத் தூக்கினார். "நூத்தி நாற்பத்தேழு. இங்க இருக்கு."

நாற்காலி தலைக்கு மேலாகக் கை மாறி மாறி மேடைக்கு வந்தது. மகள் லேசர் அளவுமானியை அதன்மேல் பிடித்தாள். "பதினெட்டரை," என்றாள். "நோட்டுக்கு ஒரு அங்குலம் குறைவு. நான் எழுதினது இதைத்தான். அண்ணா, உட்காருங்க."

இரும்புக் கடைக்காரர் உட்கார்ந்தார். பாதம் இரண்டும் தரையில் படிந்தன. தொடை பலகையோடு ஒட்டியது. முதுகு போய்ச் சாய்ப்பில் சேர்ந்தது. 

"எப்படி இருக்கு?" டீச்சர்தான் கேட்டார்.

"நாற்காலி இருக்கற மாதிரியே தெரியல டீச்சர்."

மகள் டேப்பின் வெட்டுப்பட்ட நுனியைத் தூக்கிக் காட்டினாள். முன்வரிசை பார்த்துவிட்டுப் பின்வரிசைக்குச் சொன்னது. சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் போனது. "பாவி மனுஷன், இருபத்தாறு வருஷமா ஒரு டேப் வாங்கல பாரு," என்றார் அடகுக் கடைக்காரர், உள்ளபடியே மரியாதையோடு.

"இது யாரோடது?" இரும்புக் கடைக்காரர் கேட்டார்.

"தபால்காரரோடது," என்றார் டீச்சர். தபால்காரர் இறந்துபோய் ஆறு வருஷம்.

இரும்புக் கடைக்காரர் எழுந்து நாற்காலியை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "நாற்பது வருஷமா ஊர் இரும்பையெல்லாம் எடை போடறேன். என்னை யாரும் அளந்ததில்ல. எனக்கு ஒண்ணு போடும்மா. குழாய் நான் தரேன், எனக்கு மட்டுமில்ல, எவ்வளவு வேணுமோ."

"ஒரு நிமிஷம்," என்றார் ஷோரூம்காரர். "நாற்காலி சரி. கூரை? ஒழுகற கூரைக்குக் கீழ அளவா உட்கார்ந்து என்ன பண்றது?"

நியாயமான கேள்வி. மகள் தன் நகலைத் திருப்பினாள்.

"ஒரு வீடு மாசத்துக்கு ஒருதரம் வெளியில சாப்பிடற செலவு. நானூறு வீடு, ஒரு வருஷம் கொடுத்தா கூரையும் கம்பியும் முடியும். அப்புறம் வருஷா வருஷம் ஒரே ஒரு சாப்பாடு. இது நன்கொடை இல்ல. மறு அளவு." ஒரு மூச்சு விட்டாள். "இருபத்தாறு வருஷத்துல இங்க யாரு உடம்பு அப்படியே இருக்கு? அப்பா வருஷத்துக்குப் பத்துப் பேருக்குத்தான் திரும்ப அளவெடுத்தார். நாற்காலிக் கால் குழாய்க்குள்ள குழாய், போல்ட்டைக் கழட்டி ஏத்தலாம், இறக்கலாம். பணம் கட்டறவங்களுக்கு நான் மறு அளவு எடுக்கறேன். இல்லாதவங்களுக்குப் புதுசு. முடியாதவங்க வழக்கம்போல வில்லை எடுத்து உட்காரட்டும்."

"நீ எங்கேயோ இல்ல இருக்கே?" ஒரு குரல்.

"மாசத்துல ரெண்டு ஞாயிறு வருவேன்."

"வருவியா?" டீச்சர் மெதுவாகக் கேட்டார். இது கூட்டத்துக்கான கேள்வி இல்லை.

"வருவேன் டீச்சர்."

டீச்சர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். வகுப்பறைக் குரல் அவருக்கு இன்னும் போகவில்லை. "அவர் காசுல போட்டா அது அவர் கூரை. தப்பில்ல, அவர் நல்ல மனுஷன். நாம போட்டா நம்ம கூரை. கை தூக்குங்க, நான் எண்ணறேன். ரெண்டு கையும் தூக்கறவனை எனக்குத் தெரியும்."

ஷோரூம்காரருக்குப் போட்ட கை அறுபத்து நாலு. தங்களுக்கே போட்டுக்கொண்ட கை நூற்று முப்பத்தொன்று. ஷோரூம்காரர் நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, தான் உட்கார்ந்திருந்த குட்டை நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மேடையில் வரிசை நின்றது. முதலில் அடகுக் கடைக்காரர். "இடுப்புல—" என்று தொடங்கினார். "தாராளமா விடறேன்," என்றாள் மகள். மருந்துக் கடைக்காரரின் அம்மாவைக் காசாளர் கைபிடித்து ஏற்றிவிட்டார். பள்ளிக்கூட வயதில் அளவெடுத்த ஒருவர் இப்போது வழுக்கைத் தலையோடு நின்றார், நோட்டில் அவர் உயரம் பதின்மூன்று. ஒவ்வொருவரையும் அளந்து, டேப் காட்டியதை அப்படியே எழுதினாள். ஓர் அங்குலம் கழிக்கவில்லை.

வரிசை கரைந்தபோது வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. டீச்சர் அவள் கழுத்திலிருந்து டேப்பை உருவினார்.

"உட்காரு."

"எனக்கா? டீச்சர், உங்களுக்கு அளக்கத் தெரியுமா?"

"உலகத்தையே அளந்து பாடம் எடுத்தவ நான். உட்காருடீ."

அவள் உட்கார்ந்தாள். டீச்சர் சிரமப்பட்டுக் குனிந்து, டேப்பின் வெட்டுப்பட்ட நுனியைத் தரையில் வைத்து, முழங்காலின் பின்னால் கொண்டுவந்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பதினேழு."

தன் முழங்கால் உயரம் பதினாறு என்று அவளுக்குத் தெரியும். நோட்டைத் திறந்து, இரும்புக் கடைக்காரரின் வரிக்குக் கீழே, எண் இருநூற்றுப் பதினான்கு என்று போட்டு, பதினேழு என்று எழுதினாள்.